கிட்டார் ஒயருக்குள் ஒரு வரலாறு

திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் கொமரலிங்கம். உடுமலை, பழனி சுற்று வட்டாரத்தில் நோம்பி சாட்டினால் இரவு மெல்லிசைக் கச்சேரி இருக்கும். மேடையைச் சுற்றி டியூப் லைட், சீரியல் செட், பின்னால் ஜெனரேட்டர். முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்பே ஸ்பீக்கரில் "ம்ம்ம்..." என்று ஓர் இரைச்சல் கேட்கும். மைக்செட்காரர் ஒயரை ஆட்டிப் பார்ப்பார், கிட்டார்காரர் இடம் மாறி நிற்பார். கூட்டத்தில் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரின் வரலாற்றில் பாதி அந்த இரைச்சலோடு நடந்த சண்டைதான்!

ஒயரில் ஓடுவது என்ன?

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒயரில் ஓடுவது ஒலி அல்ல, மின்சாரம். 1931-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பியூசாம்ப் என்பவர் காந்தத்தின் மேல் செம்புக் கம்பிச் சுருளை வைத்து ஒரு பிக்கப் செய்தார். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அடுத்த ஆண்டு அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் கம்பெனி அந்தக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வட்ட உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர்.

பிறக்கும் மின்சாரம் மிக மெலிந்தது, ஒரு வோல்ட்டில் சிறு பகுதிதான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் அதே சுருள், அக்கம்பக்கத்து மின்சாரத்தையும் பிடித்துவிடும். இந்தியாவில் கரண்ட் நொடிக்கு 50 சுற்று வீதம் முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடுகிறது. டியூப் லைட் சோக், டிரான்ஸ்ஃபார்மர், பனியன் கம்பெனி மோட்டார் என்று எல்லாவற்றைச் சுற்றியும் அந்த அதிர்வு இருக்கிறது. மேடையில் கேட்கும் 'ம்ம்ம்' அதுதான்.

1955-ல் கிப்சன் கம்பெனியைச் சேர்ந்த செத் லவர் இதற்கு ஒரு வழி கண்டார். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை அருகருகே வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். இதுவே 'ஹம்பக்கர்' பிக்கப். பெயரிலேயே வேலை இருக்கிறது: ஹம் என்ற இரைச்சலை எதிர்ப்பது.

டெலிபோன் ஆபீசிலிருந்து வந்த ஜாக்

கிட்டாரில் செருகும் கால் அங்குல ஜாக் பின் இசைக்காகச் செய்யப்பட்டதே அல்ல. 1870-களின் இறுதியில் சிகாகோவில் சார்லஸ் ஸ்கிரிப்னர், டெலிபோன் ஆபரேட்டர்கள் ஒரு லைனை இன்னொரு லைனோடு சட்டென்று இணைக்க ஒரு ஸ்விட்ச் செய்தார். மடக்குக்கத்தி போல இருந்ததால் 'ஜாக்நைஃப்' என்று பெயர். அதுவே சுருங்கி 'ஜாக்' ஆனது. இந்தியாவில் 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து அதே வகை பின் கிட்டாருக்கு வந்து சேர்ந்தது. மைக்செட் சாமான் கடையில் 'பி 38' என்று கேட்டால் கையில் கொடுப்பது அதன் வாரிசைத்தான்.

நம் ஊருக்குப் பரிச்சயமான ஒரு பொருளும் இந்தக் கதையில் உண்டு. 1950-களின் ஃபெண்டர் கிட்டார்களைத் திறந்து பார்த்தால் உள்ளே துணி உறை போட்ட ஒயர்கள்தான் இருக்கும். பிளாஸ்டிக் உறை பரவலாகும் முன்பு மின்சாரத்தைக் கட்டிக் காத்தது பருத்தி நூல்.

காவலே களவு

கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கேபிளுக்கு நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை போலப் பின்னிய செம்புக் கவசம். வெளி இரைச்சல் உள்ளே நுழையாமல் தடுப்பது கவசத்தின் வேலை. ஆனால் நடுக் கம்பியும் கவசமும் சேர்ந்து ஒரு நீளமான கண்டன்சர் போல ஆகிவிடுகின்றன. கீச்சு ஒலிகள் அதன் வழியே கசிந்துவிடும். சாதாரண கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டருக்கு 600. ஒலி மங்க அது போதும். காவலுக்குப் போட்ட கவசமே ஒலியில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது!

1960-களில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் டெலிபோன் ஒயர் போன்ற சுருள் கேபிள் வைத்து வாசித்தார். நீட்டினால் அது மிக நீளம், அதனால் கசிவும் அதிகம். அவருடைய ஒலியில் இருந்த மென்மைக்கு அந்தக் கேபிளும் ஒரு காரணம். ஒருவருக்குக் குறை என்பது இன்னொருவருக்குக் குணம்.

பழுதில் பிறந்த பெடல்

பெடலின் கதையும் ஒரு குறையில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டின் ஒலிப்பதிவின்போது மிக்சரில் ஒரு சேனல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கரகரவென்று கேட்டது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள். 1961-ல் பாட்டு வெளிவந்து ஹிட்டானது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க டிரான்சிஸ்டர் சர்க்யூட் ஒன்று அமைத்தார். 1962-ல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் காலால் மிதிக்கும் பெட்டியாக விற்பனைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தங்கள் பாட்டு ஒன்றில் பயன்படுத்திய பிறகு கடைகளில் பறந்தது.

1967-ல் வா-வா பெடல், 1974-ல் ரோலண்ட் கம்பெனியின் டேப் எக்கோ, 1976-ல் பாஸ் கம்பெனியின் கோரஸ் என்று வரிசையாக வந்தன. 1977-ல் அதே கம்பெனி கைக்கு அடக்கமான சிறு பெடல்களைக் கொண்டு வந்தது.

பெட்டிகள் கூடக் கூட ஒயரும் கூடியது. ஒயர் கூடினால் கசிவும் கூடும். 1970-களில் இங்கிலாந்தில் பீட் கார்னிஷ், பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் போன்றவர்களுக்காகப் பெடல் பலகைகள் செய்தபோது இதைத்தான் முதலில் கவனித்தார். அவர் போட்ட மருந்து 'பஃபர்' என்ற சிறு சர்க்யூட். மெலிந்த சிக்னலுக்கு அது தெம்பு கொடுக்கும், அதன்பின் நீள ஒயரிலும் ஒலி மங்காது.

ஒயரில்லாமல் கமகம் இல்லை

இதெல்லாம் மேல்நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. இங்கே இதே ஒயர் கர்நாடக இசைக்குள்ளேயே நுழைந்திருக்கிறது.

பாலக்கொல்லு என்ற ஆந்திர ஊரில் 1969-ல் பிறந்தவர் யு. சீனிவாஸ். குரு ருத்ரராஜு சுப்பராஜு பாடிக்காட்ட, சிறுவன் அதை மாண்டலினில் வாசித்துப் பழகினான். மாண்டலினில் பொதுவாக நான்கு ஜோடியாக எட்டுத் தந்திகள் உண்டு. அவற்றில் கமகம் பேசுவது கடினம். மீட்டிய ஒலி சட்டென்று செத்துவிடும், ஜோடித் தந்தியைச் சேர்த்து இழுப்பதும் சிரமம். சீனிவாஸ் ஜோடிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு மாறினார். ஒற்றைத் தந்தியில் ஒலி குறையுமே? அங்கேதான் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும் கைகொடுத்தன. எலெக்ட்ரிக் மாண்டலினில் ஒரு ஸ்வரம் நீண்டு நின்றது. நின்றதால் அது அசைந்தது, அசைந்ததால் ராகமானது.

மேல்நாட்டு வாத்தியம் கச்சேரிக்கு ஆகுமா என்ற கேள்வி ஆரம்பத்தில் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுஸ்வாமி தீட்சிதர் வழியாக வந்த வயலின், கர்நாடக மேடையின் நிரந்தர உறுப்பினராகி நெடுங்காலமாகிவிட்டது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1983-ல் பெர்லின் ஜாஸ் விழா, 1998-ல் பத்மஸ்ரீ. 2014-ல் தமது 45-வது வயதில் அவர் மறைந்தபோது 'மாண்டலின்' என்பது அவருடைய பெயரின் பகுதியாகவே இருந்தது.

எதற்குப் பின் எது?

இந்த வரலாறு தெரிந்தால் பெடல்களை இணைக்கும் வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பழைய ஃபஸ் சர்க்யூட்டுகள் கிட்டாரோடு நேரடியாகப் பேசப் பழகியவை, இடையில் பஃபர் வந்தால் குணம் மாறும். எனவே வா-வா, ஃபஸ், ஓவர்டிரைவ் எல்லாம் முன்னால். கோரஸ் அடுத்து. எக்கோ, ரிவெர்ப் கடைசியில், ஏனென்றால் கரகரப்பை எதிரொலிக்க வைத்தால் தெளிவாக இருக்கும், எதிரொலியைக் கரகரப்பாக்கினால் கூழாகிவிடும். அணைத்து வைத்த நிலையில் சிக்னலை அப்படியே கடத்தும் 'ட்ரூ பைபாஸ்' பெடல்கள் மட்டும் வரிசையாக இருந்தால் எல்லா ஒயர் நீளமும் கூடிவிடும், எங்காவது ஒரு பஃபர் நல்லது.

கேபிள் வாங்கும்போது தங்க முலாம் ஒலியைக் கூட்டாது. பார்க்க வேண்டியது நெருக்கமாகப் பின்னிய கவசம், உறுதியான சால்டரிங், தேவைக்கு மேல் போகாத நீளம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளைப் போடக்கூடாது. அங்கே ஓடுவது பெரிய மின்னோட்டம், அதற்குத் தடித்த இரட்டை ஒயர் வேண்டும். கரண்ட் ஒயரும் கிட்டார் ஒயரும் பக்கம் பக்கமாக ஓடாமல், குறுக்கே வெட்டிப் போனால் இரைச்சல் குறையும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. இரைச்சல் நிற்கலாம், ஆனால் ஆபத்து அப்போதுதான் தொடங்கும். 1972 மே மாதம் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கை மேடையில் தொட்டவர் அங்கேயே இறந்தார். ஒரு கையில் கிட்டார் தந்தி, மறு கையில் மைக். இரண்டுக்கும் நடுவே மனித உடல்தான் ஒயர்.

மழை ஈரத்தில் நனைந்த தரையும் ஜெனரேட்டரும் இருக்கும் மேடையில் இது இன்னும் உண்மை. கொஞ்சம் 'ம்ம்ம்' கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். எர்த் பின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.