பொருநைக் கரையின் தாழிகளும் காயலின் கல்தூண்களும்

தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினத்துக்குத் திருமணங்களுக்கும் மய்யித்துக்கும் போய்வரும் நம் குடும்பங்கள், முக்காணிக்கும் ஆத்தூருக்கும் இடையே உள்ள பாலத்தைக் கடக்காமல் போவதில்லை. கீழே ஓடுவது தாமிரபரணி. சங்கப் புலவர்களின் பொருநை. அந்த ஆறுதான் நம் கரையின் துறைமுகங்களை ஆக்கியது. அதே ஆறுதான் அவற்றை மூடியது.

நதிக்கரை நாகரிகம் என்றதும் நமக்குச் சிந்துவும் நைலும் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளின் பாடநூல்களும் அப்படியே பழக்கியிருக்கின்றன. ஆனால் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையோரம், நம் மாவட்டத்திலேயே, ஆதிச்சநல்லூர் என்னும் பரம்பு கிடக்கிறது. ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ள ஈமக்காடு அது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ என்னும் ஆங்கிலேய அதிகாரி முறையாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகள், இரும்பு வாள்களும் வேல்களும், விலங்குருவம் அமைந்த வெண்கல மூடிகள், மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள், நெல் உமி என அவர் எடுத்தவை பல. அவற்றில் பெரும்பகுதி இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நூறாண்டுகள் கழித்து, 2004, 2005 ஆண்டுகளில் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தபோது 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன.

நம்மை வியப்பில் ஆழ்த்துவது பொன்னன்று. அம்மக்கள் இறந்தோருக்கென்று தேர்ந்த இடம். ஆற்றங்கரை நன்செய் நிலத்தில் ஒரு சாணையும் அவர்கள் வீணாக்கவில்லை. உழவுக்கு உதவாத சரளைப் பரம்பில், பாறையைக் குடைந்து, ஒவ்வொரு தாழிக்கும் தனிக்குழி அமைத்தார்கள். உயிரோடிருப்பவருக்கு வயல், மறைந்தவருக்குக் கல் என்ற அந்தக் கணக்கைக் கட்டடக்கலை என்றே சொல்வோம். சுவர் எழுப்புவது மட்டுமா கட்டடக்கலை?

அருகிலுள்ள சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்த ஒரு தாழியின் நெல் உமி, பகுப்பாய்வில் கி.மு. 1155ஐச் சேர்ந்ததெனத் தெரியவந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே இது அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் வெளியான அறிக்கை, அங்குள்ள இரும்பின் காலத்தை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு செல்கிறது. இந்த இரண்டாவது முடிவைப் பற்றி அறிஞரிடையே வாதம் நடக்கிறது. பெருமைக்காக நாம் முந்திக்கொள்ள வேண்டியதில்லை.

ஆறு கடலைச் சேர்ந்த இடத்தில் கொற்கை இருந்தது; பாண்டியரின் முத்துத்துறை. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடற்பயணக் குறிப்பு, இங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கச் செய்தார்கள் என்கிறது. நம் பாட்டிமார் காதணியில் இருந்த முத்துக்கு எத்தனை பழைய துயரம்! 1968, 69இல் கொற்கையில் நடந்த அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. அறுத்த சங்குத் துண்டுகளும் அங்கே கிடைத்துள்ளன. பக்கத்து ஊரின் பெயர் அக்காசாலை. நாணயம் அடிக்கும் இடம் என்பது பொருள். இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்கு எட்டாது. வாழைத் தோட்டங்களும் ஒரு பழைய வன்னி மரமும் தாம் உள்ளன. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது.

துறைமுகம் கடலைத் தேடிக் கிழக்கே நகர்ந்தது. அடுத்து எழுந்தது காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய துறை அதுதான். ஹுர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளுடன் கப்பல்கள் அங்கே வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்லும் கணக்கு வியப்பானது: கைஸ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம், ஒன்றுக்கு 220 பொற்காசு, வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை தரும். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடம் அமைச்சராகவே இருந்தார். ஆக, இந்தக் கரையில் முஸ்லிம்கள் படையெடுப்பின் பின்னால் வந்தவர்கள் அல்லர். ஒப்பந்தமும் நம்பிக்கையும் அவர்களை இங்கே இருத்தின.

அந்தக் காயல் இன்றைய பழையகாயல் என்று கால்டுவெல் முடிவு செய்தார். அங்கே சீன, அரபு மட்பாண்டச் சில்லுகளை அவர் கண்டார். நம் உறவினர் சிலர் காயல்பட்டினமே அது என்று வாதிடுவார்கள். விருந்துப் பந்தியில் இந்த வழக்கு முடிந்ததே இல்லை. நமக்குக் கால்டுவெல் சொன்னதே சரியெனப் படுகிறது. ஏனெனில் பழையகாயலையும் வண்டல் விடவில்லை. அடுத்துப் புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி எனத் துறை மேலும் நகர்ந்தது. காயல்பட்டினமோ ஆற்று முகத்துக்குத் தெற்கே தனித்து நின்று தழைத்தது.

அவ்வூரின் பழைய பள்ளிவாசல்களில் நுழைவோர், குப்பா இல்லாத ஒரு கல்மண்டபத்தையே காண்பார்கள். உயர்ந்த கல் அடித்தளம், சதுரமும் எண்பட்டையும் மாறிமாறி வரும் தூண்கள், மேலே போதிகை, அதன்மேல் கற்பலகைக் கூரை. பாண்டிய நாட்டுத் தச்சர் மரபு அப்படியே இருக்கிறது. உருவங்கள் மட்டும் இல்லை. அவற்றின் இடத்தில் பூவும் கொடியும். மண்டபத்தின் முகம் கிப்லாவுக்குத் திரும்பியிருக்கிறது. கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளியும் இதே சாயல்தான். அரபு நாட்டுக் கட்டடத்தைப் பெயர்த்து இங்கே வைக்க வேண்டுமென்று அம்முன்னோர் எண்ணவில்லை. ஊரின் கல்லும் ஊரின் கையும் தொழுகைக்குப் போதுமெனக் கண்டார்கள். தெருக்களுக்குப் பின்னே பெண்கள் தடையின்றிப் போய்வர அமைந்த முடுக்குகளும் அதே சிந்தனையில் பிறந்தவை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஊரொன்றின் பள்ளியில் விரிவாக்கப் பணி நடந்தது. உள்ளே பளிங்குத் தரை வந்தது. பழைய தூண்கள் வெளியே கிடந்தன. இரண்டு தூண்கள் ஹவுளுக்கு இறங்கும் படிகளாயின. மையவாடியில் எழுத்து வெட்டிய மீசான் கற்கள் சுற்றுச்சுவரின் அடியில் போயின. எவரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. தொழுவோர் தொகை பெருகியது, இடம் போதவில்லை. பெர்லின்காரர் கொண்டுபோனதாவது ஒரு பேழையில் இருக்கிறது. நாம் அடியில் போட்டுப் பூசிவிட்டதை எங்கே போய்த் தேடுவது?

பள்ளியை விரிவாக்கும் ஜமாஅத்தார் வேலைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். தூண்களைப் படமெடுக்கலாம். மீசான் கற்களின் எழுத்தை அரபு தெரிந்த ஆலிம் ஒருவரைக் கொண்டு படித்து எழுதிவைக்கலாம். தொல்லியல் துறையினருக்கு ஒரு கடிதம் அனுப்பினால் மைப்படி எடுக்க வழியுண்டு.

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவோருக்கு: ஆதிச்சநல்லூரில் 2023 முதல் அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். காலையில் அங்கே சென்று, கொற்கையின் வன்னி மரத்தடியில் சற்று இருந்துவிட்டு, அஸர் தொழுகைக்குக் காயல்பட்டினம் வந்து சேரலாம்.