பற்றிரும்பும் ஈயமும்

பெருங்கோயில் ஒன்றைக் காணப் புகுவோர் அதன் தூண்களையும் சிற்பங்களையும் கண்டு வியப்பர். கல்லொடு கல்லைப் பிணித்து உள்ளே மறைந்து கிடக்கும் இரும்புத் துண்டினை நினைப்பார் அரியர். அத்துண்டிற்குப் பற்றிரும்பு என்று பெயர். பட்டறைகளில் கிளாம்பு என வழங்குவர். கண்ணுக்குத் தோன்றாத அச்சிறு கருவியை அமைக்கும் முறை தவறின் கோயிலே பிளவுபடும் என்பதற்கு, ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தெனான் கோயிலின் வரலாறு தக்க சான்றாகும். அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

கிரேக்க நாட்டுத் தலைநகராகிய ஏதென்ஸில், அக்ரொபொலிஸ் என்னும் குன்றின்மேல், அதீனா தேவியின் பொருட்டு எடுக்கப்பெற்றது அக்கோயில். திருப்பணி கி. மு. 447-இல் தொடங்கி 432-இல் முற்றுப்பெற்றது. அருகிலுள்ள பெண்டெலி மலையின் வெண்சலவைக்கல்லால் அமைந்த அதன் சுவர்களிலும் உத்தரங்களிலும் சுண்ணச்சாந்து இல்லை. கற்கள் முகத்தொடு முகம் பொருந்துமாறு இழைக்கப்பெற்று, இரும்பினாலேயே பிணிக்கப்பெற்றன.

அப்பிணிப்பின் முறையாவது: அடுத்தடுத்து வைத்த இரு கற்களின் மேற்புறத்தில், ஒன்றில் பாதியும் மற்றொன்றில் பாதியுமாக ஒரு குழி வெட்டுவர். கொல்லர், இரும்புப் பட்டைகள் சிலவற்றை உலையிற் காய்ச்சி, ஒன்றாக அடித்து இணைத்து, அக்குழிக்கு ஏற்ற அளவில், நடுவே தண்டும் இரு முனையிலும் குறுக்குத் தலையும் உடையதாகப் பற்றிரும்பைச் செய்வர். அதனைக் குழியில் வைத்து, உருக்கிய ஈயத்தை நாற்புறமும் சூழ வார்ப்பர். ஈயம் ஏறத்தாழ 327 பாகை வெப்பத்திலேயே உருகுவதாதலின், இரும்பிற்கு யாதொரு கேடும் இன்றி இடுக்கெல்லாம் புகுந்து நிரம்பும்.

இவ்வீயம் செய்யும் தொழில் இரண்டு. காற்றும் நீரும் இரும்பைத் தீண்டாமற் காத்தல் ஒன்று. நிலம் நடுங்குங்கால் தன் மென்மையால் சிறிது நெகிழ்ந்து, இரும்பு கல்லை மோதாமற் காத்தல் மற்றொன்று.

நிற்க. துருக்கியர் அக்கோயிலை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்த 1687-ஆம் ஆண்டில், வெனிஸ் நாட்டுப் படையின் குண்டு வீழ்ந்து அதன் நடுப்பகுதி சிதறியது. 1894-ஆம் ஆண்டு நிலநடுக்கம் எஞ்சியதையும் ஊறுபடுத்தியது. பின்னர் 1898-இல் நிக்கொலாஸ் பலானோஸ் என்னும் பொறியியல் வல்லுநர் பழுது பார்க்கத் தொடங்கினார். வடபுறத் தூண்வரிசையை மீள நிறுத்திய அவர் உழைப்பு சிறிதன்று. ஆயின் அவரும் இரும்புப் பற்றுக்களையே இட்டாரேனும், பண்டையோர் போல ஈயக் கவசம் இட்டாரில்லை. புதிய இரும்பு வலியதன்றோ, அதற்குக் கவசம் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். இரும்பின் வலிமை வேறு, அதன் ஆயுள் வேறு என்பதே விடை.

மழைநீர் கசிந்தது, இரும்பு துருவேறியது. துருவானது தான் பிறந்த இரும்பினும் இருமடங்கிற்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும். குழியோ கல்லால் ஆயது, விரிதற்கு வழியில்லை. ஆகவே துரு உள்ளிருந்து உந்த, சலவைக்கல் வெடித்துச் சிதறலாயிற்று. இருபத்து நான்கு நூற்றாண்டு கடந்தும், ஈயம் சிதையாதிருந்த இடங்களில் பழம்பற்றுக்கள் பழுதின்றிக் கிடந்தன. புதியவையோ ஒரு தலைமுறைக் காலத்திற்குள் தாம் காக்க வந்த கல்லையே பிளந்தன.

இக்கேட்டினைக் களைதற்பொருட்டு 1975-ஆம் ஆண்டில் கிரேக்க அரசு அறிஞர் குழு ஒன்றை அமைத்தது. எரெக்தியான் என்னும் அண்டைக் கோயிலில் 1979-இல் தொடங்கிய பணி 1987-இல் முடிந்தது. பார்த்தெனானிலும் பணி தொடர்ந்தது. துருவேறிய இரும்பை அகற்றி, டைட்டானியம் என்னும் உலோகத்தாற் பற்றுக்கள் செய்து பொருத்தினர். அது துருவேறாது, வெப்பத்தால் விரியும் அளவிலும் இரும்பைவிடச் சலவைக்கல்லுக்கு நெருங்கியது. அன்றியும், அளவிறந்த விசை தாக்கின் கல் உடைவதற்கு முன் பற்றே நெகிழுமாறு அதன் பருமனை வரையறுத்தனர். பற்று அழியின் வேறு பற்று செய்யலாம். பண்டைச் சிற்பி செதுக்கிய கல் அழியின் மீளாது என்பது அவர் கருத்து.

அன்பர்களே! வீட்டுப் பட்டறையில் ஒரு சிறு கிளாம்பு செய்வாருக்கும் இவ்வரலாறு பயன்படும். உலோகத்தை வெட்டுமுன் மூன்று வினாக்களை வினவிக்கொள்ளுதல் நலம்: இஃது எப்பொருளைப் பற்றப் போகின்றது? நீரும் காற்றும் இதனை எவ்வழி அணுகும்? சுமை மிகுங்கால் முதலில் நெகிழ வேண்டியது எது?

முன்னோர் செய்த ஒரு பொருளின் வடிவைப் பார்த்துச் செய்தல் எளிது. அவர் எதற்காக ஒவ்வொரு செயலையும் செய்தனர் என்று அறிந்து செய்தலே அரிது. ஏதென்ஸில் விடுபட்டது ஒரு கை ஈயம். அதனால் விளைந்த பழுதைத் தீர்ப்பதற்குப் பல்லாண்டுப் பணி வேண்டியதாயிற்று. ஆதலின், கைத்தொழிலிற் சிறிதென ஒதுக்கத்தக்கது யாதும் இல்லை என்று நம் இளைஞர்கள் உணர்வார்களாக.