தொலைபேசிக் கம்பி வலையமைப்பு

தொலைபேசிக்காக இழுத்த செப்புக் கம்பி இணைகளையோ, அதே முறையில் முறுக்கிய மலிவான கம்பிகளையோ கொண்டு, பிறர் கழித்த கணினிகளையும் சுவிட்சுகளையும் இணைத்து அமைக்கும் வலையமைப்பு இது. வசதியற்ற இடத்துக்கான ஒட்டுப்போட்ட ஏற்பாடு என்றே பலரும் இதை எண்ணுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அலுவலகங்களில் இன்று ஓடும் ஈதர்நெட்டே தொலைபேசிக் கம்பியில் ஏறித்தான் பரவியது. ஒரு செப்பு இணை எவ்வளவு தரவைச் சுமக்கும் என்பது பெரும்பாலும் அதன் நீளத்தையும் இரு முனைகளில் உள்ள கருவிகளையும் பொறுத்தது. கம்பியின் வயதுக்கு அதில் சிறு பங்குதான். அப்படியானால், வீடுகள் ஒட்டியிருப்பதால் கம்பியின் நீளம் குறையும் மும்பை டிராம்பேயின் சீத்தா கேம்ப் போன்ற நெருக்கமான குடியிருப்பு இவ்வகை வலையமைப்புக்கு ஏற்ற இடமாகிவிடுகிறது.

1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஈதர்நெட், முதலில் தடித்த கோஆக்சியல் கேபிளில் ஓடியது. ஓரிடத்தில் அறுந்தால் அந்த வரிசை முழுவதும் நின்றுவிடும். அமெரிக்க அலுவலகங்களில் ஒவ்வொரு மேசைக்கும் தொலைபேசிக்கென்று போட்ட கம்பிகளில் சில இணைகள் சும்மா கிடந்தன. அவற்றில் நொடிக்கு 1 மெகாபிட் அனுப்பும் ஸ்டார்லான் 1980களின் நடுவில் வந்தது. 10 மெகாபிட்டுக்கான 10பேஸ்-டி தரம் 1990இல் வந்தது. இந்தப் பரம்பரையை ஆர்ஜே45 முனையிலேயே பார்க்கலாம். எட்டுக் கம்பிகளில் நடுவிலுள்ள 4, 5 என்ற இடங்கள் நீல இணைக்கு. தொலைபேசிச் செருகியை அதே துளையில் நுழைத்தால் அந்த இரண்டும்தான் அதன் நடுக் கம்பிகளைத் தொடும். அவற்றை விட்டுத் தாண்டி ஈதர்நெட் தனது இரண்டாம் இணையை 3, 6 என்று பிரித்து வைத்துக்கொண்டது. புதிதாக முனை போடுபவர் தடுக்கி விழுவதும் இங்கேதான். 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாகச் செருகிவிடுவார். சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் 3உம் 6உம் வெவ்வேறு முறுக்கிலிருந்து வந்தவையாகிவிடுவதால், பக்கத்து இணையின் இரைச்சலை ஒன்றையொன்று ரத்து செய்யும் வேலை நடக்காது. குறைந்த தூரத்தில் எப்படியோ ஓடும், தூரம் கூடினால் திணறும். பழி பழைய கேபிள்மேல் விழும். ஏற்கெனவே போட்டிருந்த ஐந்தாம் வகைக் கேபிளிலேயே 1999இல் வந்த தரம் நான்கு இணைகளையும் பயன்படுத்தி 1000 மெகாபிட் அனுப்பியதை வைத்துப் பார்த்தால், முனைகளில் உள்ள சில்லு மாறியதுதான் பெரிய மாற்றம்.

வெளித் தொலைபேசிக் கம்பியின் கதையும் இதேதான். இந்தியாவில் இணையத்துக்கு வழி திறந்த எர்நெட், 1980களின் பிற்பகுதியில் ஐ.ஐ.டி.களையும் பம்பாயில் எஸ். ரமணி தலைமையேற்ற என்.சி.எஸ்.டி. மென்பொருள் மையத்தையும் தொலைபேசி வழியாகவே இணைத்தது. குத்தகைத் தடத்தின் வேகம் வெறும் 9.6 கிலோபிட். ஐ.ஐ.டி. மெட்ராஸின் டெநெட் குழு உருவாக்கிய டயஸ் அமைப்பு ஒரே செப்பு இணையில் பேச்சையும் 128 கிலோபிட் இணையத்தையும் சேர்த்து அனுப்பியது. தொலைபேசியில் பேசும்போது வேகம் 64ஆக இறங்கும். 2005இல் எம்.டி.என்.எல்., பி.எஸ்.என்.எல். நிறுவனங்கள் தொடங்கிய ஏ.டி.எஸ்.எல். சேவை பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேலிருந்த அலைவரிசையைத் தரவுக்கு எடுத்துக்கொண்டது. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் நல்ல வேகம், நான்கைந்து கிலோமீட்டரில் நடை தளர்ந்துவிடும். நூறு மீட்டருக்குட்பட்ட கம்பியில் ஜி.ஃபாஸ்ட் என்ற பிந்தைய தொழில்நுட்பம் பல நூறு மெகாபிட்டை எட்டுகிறது.

சீத்தா கேம்ப் 1976இல் உருவானது. அணு ஆராய்ச்சி மையத்தின் அருகிலிருந்த ஜனதா காலனியிலிருந்து ஏறத்தாழ 70,000 பேரை நெருக்கடி நிலைக் காலத்தில் அகற்றி, கழிமுகச் சதுப்பையொட்டிய இந்த நிலத்தில் குடியமர்த்தினார்கள்; தமிழர்கள் அதில் கணிசம். எழுத்துகளால் பெயரிட்ட செக்டர்கள், ஒடுங்கிய சந்துகள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தீயணைப்பு வண்டிக்குத் தொல்லையான இந்த நெருக்கம் ஈதர்நெட்டுக்கு வரம். ஒரு சுவிட்சிலிருந்து கேபிள் செல்லக்கூடிய நூறு மீட்டருக்குள் இங்கே பல குடும்பங்கள் அடங்கிவிடும். தனிப் பங்களாக்கள் நிறைந்த பகுதியில் அதே நூறு மீட்டரில் சில வீடுகளே சிக்கும். மும்பையின் கேபிள்காரர்கள் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொட்டை மாடிகள் வழியே ஈதர்நெட் கேபிளை இழுத்து, இடையிடையே சுவிட்ச் வைத்து இணையம் விற்றது இந்தக் கணக்கில்தான். யாரும் பாடம் எடுக்காமலே அவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

எளிதில் தள்ளமுடியாத மறுப்பு, செல்பேசி. 2016க்குப் பிறகு 4ஜி தரவு மலிந்துவிட்டதே, கம்பி எதற்கு? ஒரு கைபேசிக்கு அது சரியான கேள்வி. ஆனால் ஒரு நூலகத்திலோ மாலைப் பள்ளியிலோ பத்துக் கணினிகள் ஒரே பாடக் கோப்பை எடுக்கும்போது, ஒவ்வொன்றும் கோபுரம்வரை போய்த் திரும்புவது வீண். உள்ளூர்ச் சர்வர் ஒன்றும் ஒரு சுவிட்சும் போதும், இணையம் அறுந்தாலும் வேலை நடக்கும். பழைய கணினி மெதுவானதாயிற்றே என்பவர்களுக்கு 1999இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் ஒரு விடை: வலுவான ஒரே இயந்திரம் நிரல்களை ஓட்ட, வன்தட்டில்லாத பழைய பெட்டிகள் திரையும் விசைப்பலகையுமாக மட்டும் நிற்கும். பழைய கணினிகளால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு மின்கட்டணத்தில் கரையும் என்பது உண்மை. அதனால் மின்சாரத்தை அதிகம் இழுக்கும் பழைய குழாய்த் திரைகளைத் தவிர்ப்பது நல்லது.

பாதுகாப்பு பற்றிய அச்சத்துக்கும் காரணம் உண்டு. மேம்படுத்தல் நின்றுபோன ரௌட்டரை இணையத்தின் வாசலில் வைக்கக்கூடாது. வாசலுக்குப் புதியதை வாங்கிவிட்டு, பழையதை உள்ளே வெறும் சுவிட்சாக வைத்துக்கொள்ளலாம். வருவதை எல்லாத் துளைகளுக்கும் அனுப்பும் பழைய ஹப்பைக் காயலான் கடைக்கே கொடுத்துவிட வேண்டும். மின்னலிலிருந்தும் காக்க வேண்டும்: இரண்டு செக்டர்களுக்கு நடுவேயும் இடி மழைக்குத் திறந்த நெடுந்தூரத்திலும் கண்ணாடி இழைதான் சரி. செப்பை அங்கே வலிந்து ஓட்டுவதில் பயனில்லை.

மிச்சமிருக்கும் எதிரி, கழிமுகத்தின் உப்புக் காற்று. முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்தால் இணைப்பு மழைக்காலத்தில் விட்டுவிட்டு வரும். பழைய தொலைபேசிக் கேபிளுக்குள் ஜெல்லி நிரப்பியது இந்த ஈரத்தைத் தடுக்கத்தான். இங்கே பழையதைவிடப் புதியதே ஏமாற்றும்: மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் அலுமினியத்தின்மேல் செப்புப் பூச்சு மட்டுமே இருக்கும். மும்பையின் மின்னணுச் சந்தையான லாமிங்டன் ரோட்டில் வாங்கும்போது ஒரு கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் தெரிந்துவிடும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்.