வாதநோய் ஆய்வில் விலங்கு மாதிரிகள்

வாதநோய் ஆய்வில் விலங்கு மாதிரிகள் என்பவை, சித்த மருத்துவம் வாதம் எனக் குறிக்கும் மூட்டுநோய்களின் மருந்துகளைச் சோதிப்பதற்காக எலி, சுண்டெலி போன்றவற்றில் செயற்கையாக உண்டாக்கப்படும் நோய்நிலைகள் ஆகும்.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் மூட்டுவலிக்குச் சூப்பாகக் காய்ச்சிக் குடிக்கப்படும் முடவாட்டுக்கால் கிழங்கு இவ்வாறு சோதிக்கப்பட்ட ஒன்றாகும். கிழங்கு எனப்பட்டாலும், இது மரங்களிலும் பாறைகளிலும் படரும் ஒரு பன்னத்தின் மட்டத்தண்டு. பழுப்பு மயிர் போன்ற செதில்கள் மூடியிருப்பதால் ஆட்டுக்காலை ஒத்திருக்கும்.

செம்பாசியிலிருந்து பெறப்படும் கராகீனனை எலியின் பாதத்தில் ஊசிமூலம் செலுத்தினால் சில மணி நேரத்தில் வீக்கம் உண்டாகும். 1962இல் வெளியான இம்முறையில், மருந்து பெற்ற எலிகளின் வீக்கம் பெறாதவற்றின் வீக்கத்தோடு ஒப்பிடப்படுகிறது. முடவாட்டுக்காலின் சாறு எலிகளில் வீக்கத்தையும் சுண்டெலிகளில் வலியையும் குறைத்துள்ளது. எனினும் சோதிக்கப்பட்டது எரிசாராயத்தில் பிரித்த சாறு. மலையில் குடிக்கப்படுவதோ நீரில் காய்ச்சிய சூப்பு.

இதைவிடப் பெரிய இடைவெளி நோய்க்கணிப்பில் உள்ளது. சித்த மருத்துவர் நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகிய எட்டையும் பார்த்தே நோயைக் கணிப்பார். யூகி வைத்திய சிந்தாமணி 80 வகை வாதங்களைக் கூறுகிறது. எலியிடம் மொழியைக் கேட்க இயலாது. அதன் பாதம் காட்டுவது அழற்சியை மட்டுமே.

இந்தியாவில் இச்சோதனைகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை.