தையல்காரப் பெண் சொன்னது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கருப்பையின் உள்சுவரில் புற்றுநோய், ஆரம்ப நிலை. இன்னும் குழந்தை இல்லை. "கருப்பையை எடுத்துத்தான் ஆகணுமா சார்?" என்று அழுதாள். வரலாறு நடத்தியவனிடம் கேட்டால் என்ன சொல்வது? டாக்டரிடம் கேள் என்றேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பாலின் கிராஸ் என்ற தையல்காரப் பெண், ஆல்ட்ரட் வார்தின் என்ற மருத்துவரிடம், "எங்கள் வீட்டில் எல்லோரும் வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்" என்றாள். அவர் சிரித்து ஒதுக்கவில்லை. அவள் குடும்ப மரத்தை எழுதி 1913-இல் வெளியிட்டார். 1919-இல் அவள் கருப்பைப் புற்றாலேயே இறந்தாள். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் அதைத் தொடர்ந்ததால் இன்று அந்தப் பரம்பரை நோய்க்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். அந்தத் தையல்காரி பெயர் வைக்கப்படவில்லை என்பது எனக்கு உறுத்தல்தான்.

நம் பக்கமும் கதை உண்டு. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டே அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா மகப்பேறு மருத்துவம் படித்தவர். என் அத்தைக்கு வந்ததை வீட்டில் "வயித்து நோவு" என்று மட்டுமே சொன்னார்கள்.

1961-இல் புரொஜெஸ்டிரான் வகை ஹார்மோன் இந்தப் புற்றைச் சுருக்கும் என்று கெல்லியும் பேக்கரும் எழுதினார்கள். கருப்பையைக் காக்கும் சிகிச்சைக்கு அதுதான் வேர். ஆனால் யாருக்குப் பலிக்கும்? மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் கட்டிகள் மரபணுவில் நான்கு வகை என்று 2013-இல் கண்டார்கள். பி53 கெட்ட வகை முரடு. அதில் காத்திருப்பது ஆபத்து. மரபணுப் பிழை திருத்தும் புரதம் இல்லாத வகையில் ஹார்மோன் அவ்வளவாக நம்பத் தகுந்ததல்ல. லிஞ்ச் குடும்பமா என்றும் பார்க்க வேண்டும். பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்காமல் நம்மூரில் சுரங்கம் வெட்டுவார்களா? அது மாதிரிதான்.

அவள் கட்டித் துணுக்கைச் சோதித்தார்கள். முரட்டு வகை இல்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டும், குணமாகாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று கமெண்டில் கேட்காதீர்கள்.

உறவுக்காரர்களுக்கு ஒன்று: அத்தைக்கு உண்மையில் என்ன நோய் என்று தெரிந்தவர் யாராவது இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள்.