எழுவான்கரை நெசவும் தடையற்ற வர்த்தகமும்

அயல்நாடுகளுக்கிடையே செய்யப்படும் தடையற்ற வர்த்தக உடன்படிக்கைகள் உள்நாட்டுத் தொழிலாளரின் வேலையைப் பறிக்கின்றன என்பது பரவலாக நிலவும் கருத்தாகும். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் கைத்தறி நெசவு தக்கதோர் உதாரணமாகும். காத்தான்குடி, ஆரையம்பதி ஆகிய ஊர்களும், 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மருதமுனையும் சாரத்துக்கும் சேலைக்கும் பேர்பெற்றவை.

இத்தொழிலின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். தறி வீட்டிலேயே இருந்தது. நெய்பவர் ஒருவராயினும் நூல் சுற்றவும், சாயமிடவும், பாவு ஓட்டவும் குடும்பத்தார் பலர் உழைத்தனர். எனவே ஒரு தறி ஓய்ந்தால் பலரது வருவாய் ஓய்ந்தது. மறுபுறம், நூலும் சாயமும் பெரிதும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. துணி இறக்குமதி நெசவாளனுக்குப் பகை. நூல் இறக்குமதியோ அவனுக்கு உயிர். இம்முரண்பாடு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1970 முதல் 1977 வரை ஆட்சிசெய்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. உள்நாட்டுத் துணிக்குச் சந்தை உறுதியாயிற்று, தறிகள் பெருகின. 1977இல் பதவிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. ஆலைத்துணியும் செயற்கை இழைத்துணியும் வந்து குவிந்தன, கைத்தறி நலிந்தது. இத்திறப்பு எந்த அயல்நாட்டுடனும் பேசிச் செய்யப்பட்டதன்று. இலங்கை தானாகவே மேற்கொண்டது.

அதன்மேல் 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கின. ஆகவே வேலையிழப்பு முழுவதையும் வர்த்தகத்தின் மேல் சுமத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பர் 28ஆம் திகதி கைச்சாத்தாகி, 2000 மார்ச் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஏறத்தாழ 1,180 பொருள்வகைகளுக்குச் சலுகை வழங்காது ஒதுக்கிவைக்க இலங்கையால் முடிந்தது. ஆயின் துணியைப் பொறுத்தவரை காலம் கடந்துவிட்டது. ஏற்றுமதி ஆடைத் தொழிலை ஊக்குவிக்கும் நோக்குடன், 1997 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் துணி மீதான இறக்குமதித் தீர்வையை ஏற்கெனவே நீக்கியிருந்தது. இந்தியா ஆண்டுக்கு 80 இலட்சம் ஆடைகளுக்குச் சலுகை வழங்க இணங்கிற்று. அவ்வாய்ப்பு தையல் ஆலைகளுக்கு உரியதேயன்றி வீட்டுத் தறிக்கு உரியதன்று.

மலிவான துணி ஏழை நுகர்வோனுக்கு நன்மையே எனலாம். அவ்வாதம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அந்நன்மை நாடெங்கும் சிறிது சிறிதாகப் பரவ, இழப்போ சில ஊர்களின்மேல் முழுமையாக விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் துணியால் நலிந்த இந்திய நெசவாளரின் கதியும் இதுவே. அங்கு தீர்மானித்தது அந்நிய ஆட்சி. இங்கு தீர்மானித்தது மக்கள் தெரிந்த அரசாங்கம். இரண்டிலும் நெசவாளனிடம் எவரும் கேட்கவில்லை.

உடன்படிக்கையிலாவது பேரம் பேச இடமுண்டு. தானாகத் திறந்த கதவுக்குப் பேரமே இல்லை. நூலையும் துணியையும் வேறுபடுத்தி நோக்கி, மாற்றுத் தொழிலுக்கு வழிசெய்த பின்னரே கதவைத் திறத்தல் வேண்டும் என்பதே எழுவான்கரைத் தறிகள் புகட்டும் பாடமாகும்.