விறாந்தையில் நடந்த பள்ளிக்கூடம்



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட நாட்களில் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது: "மூணு புள்ளையும் மூணு வயசில. காலையில மூணையும் ஒண்டா வெச்சி எப்படிப் படிப்பிக்கிற டீச்சர்?"

அந்த நேரம் எல்லோருக்கும் இது புதுப் பிரச்சினை போலத் தெரிந்தது. ஆனால் நம் சமூகம் பல தலைமுறையாகச் செய்து வந்த வேலைதான் இது. அதன் வரலாற்றைத்தான் நாம் எழுதி வைக்கவில்லை.

பள்ளிவாசலோடு சேர்ந்து லெப்பை நடத்திய ஓதப்பள்ளியை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மிகச் சிறிய பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ஒரு வீட்டு விறாந்தைதான் முதல் பள்ளிக்கூடம். சுபஹுக்குப் பிறகு பாய் விரிப்பார்கள். ஓதிக் கொடுப்பவர் அநேகமாக ஒரு மூத்தம்மா, இல்லாவிட்டால் கணவனை இழந்த ஒரு பெண். சம்பளம் என்று ஒன்றும் பேசுவதில்லை. நெல் வரும், தேங்காய் வரும், பெருநாளைக்கு ஒரு புடவை வரும். பிள்ளை குர்ஆனைத் தமாம் செய்தால் வீட்டில் இனிப்புப் பங்கிடுவார்கள்.

பாடம் "அலிப் ஸபர் அ, அலிப் ஸேர் இ, அலிப் பேஷ் உ" என்று தொடங்கும். ஸபர், ஸேர், பேஷ் அரபுச் சொற்கள் அல்ல, பாரசீகச் சொற்கள். மேல், கீழ், முன் என்பது அவற்றின் பொருள். அரபிகள் இவற்றை ஃபத்ஹா, கஸ்ரா, ழம்மா என்பார்கள். நம் பிள்ளைகளின் முதல் பாடம் எத்தனை ஊர்களைக் கடந்து வந்திருக்கிறது என்பதற்கு இந்த மூன்று சொற்களே சாட்சி.

எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளை கடைசி ஜுஸ்உவுக்குப் போகும். அதில் 37 ஸூராக்கள், பெரும்பாலும் சிறியவை. சின்னப் பிள்ளையின் மூச்சுக்கு அளவானவை.

பதினைந்து பிள்ளைகள் இருந்தால் பதினைந்து பாடம் நடக்கும். ஒன்று அலிபில், ஒன்று யாஸீனில், ஒன்று மூத்தம்மாவின் மடியில் நித்திரை. எல்லோரையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவர அவர் முயலவே இல்லை. ஓதி முன்னேறிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும். அவர் சமையலைப் பார்த்துக்கொண்டே காதால் பிழை பிடிப்பார்.

கலாசாலையில் கல்வி வரலாறு படித்தபோது 'மெட்ராஸ் முறை' என்று ஒரு பாடம் இருந்தது. 1790களில் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றைப் பொறுப்பேற்றிருந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் அதை நூலாக வெளியிட்டார். பிறகு இங்கிலாந்தின் திருச்சபைப் பாடசாலைகளில் அந்த முறை பரவியது. நம் மூத்தம்மாமார் தினமும் செய்ததும் இதைப் போன்ற வேலைதான். அவர்களுடைய பெயர் மட்டும் எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஏன் வீட்டிலேயே வைத்தார்கள்? காரணம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் பாடசாலை தேவாலயத்தின் ஒரு கை. ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்பில்தான் பதிவாகின. ஆங்கிலேயர் காலத்திலும் பாடசாலைகளில் பெரும்பகுதி மிஷனரிகளிடமே இருந்தது. பிள்ளையின் தீன் போய்விடுமோ என்ற பயம் வெறும் பிடிவாதம் அல்ல.

அந்தக் காலைகள் ஓதலோடு மட்டும் நிற்கவில்லை. ப, ட, ண, ள போன்ற தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் புள்ளியும் குறியும் சேர்த்து உருவானது அரபுத் தமிழ். குர்ஆன் எழுத்துத் தெரிந்த பெண், இன்னும் சில எழுத்துகளைப் பழகினால் தமிழ்க் கிதாபு வாசிக்கலாம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மஃகானி' இப்படித்தான் நம் வீடுகளின் பெண்களிடம் வந்து சேர்ந்தது. கச்சேரிக் கடதாசியில் பெருவிரல் வைத்த கைகளில் சில, இரவில் கிதாபைப் புரட்டிய கைகள்.

ஆனால் அந்தக் காலத்தை நாம் ஒரேயடியாகப் புகழவும் முடியாது. பொருள் தெரியாத மனனமே அதிகம். பிரம்பும் இருந்தது. பெண்பிள்ளைக்கு வாசிக்கப் பழக்கிய பல வீடுகள் எழுதப் பழக்கவில்லை. பெரியபிள்ளையானதும் படிப்பு முடிந்துவிடும்.

அறிஞர் சித்திலெப்பை (1838–1898) போராடியது இந்த இடத்தில்தான். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1883இல் நாடுகடத்தப்பட்டு இங்கே வந்த ஒராபி பாஷாவோடு சேர்ந்து நவீன கல்விக்காகப் பேசினார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கெனப் பாடசாலை திறந்தார். கொழும்பில் 1892இல் ஸாஹிரா உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. பிள்ளைகள் காலையில் ஓதுவதை அவர் எதிர்க்கவில்லை. படிப்பு அந்த விறாந்தையோடு முடிவதைத்தான் எதிர்த்தார்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. அதன் பலனை நாம் அனுபவிக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அதோடு அரபுத் தமிழ் பெரும்பாலும் மறைந்தது, விறாந்தையும் மெல்ல மெல்ல வெறுமையானது. இன்று நான்கு வயதுப் பிள்ளையை விடியற்காலையிலேயே வேனில் ஏற்றுகிறோம். ஓதல் களைத்துப்போன மாலைக்குத் தள்ளப்பட்டு விட்டது. சொல்லிக் கொடுப்பது காசு கொடுத்து வாங்கும் வேலை, வீட்டாருக்கு அதில் பங்கில்லை என்று நினைக்கத் தொடங்கிவிட்டோம்.

எங்களிடம் கேட்ட அந்தத் தாய்மாருக்கு மூத்தம்மாமாரின் வழியையே சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே பாடம் வேண்டாம். மூத்தது இளையதுக்குச் சொல்லட்டும். பாடம் சின்னதாக இருக்கட்டும், தினமும் இருக்கட்டும். நித்திரை கொள்ளும் பிள்ளையை எழுப்ப வேண்டாம். அவர்கள் கொடுக்காமல் விட்டதை, பேனையையும் பொருளையும், நாம் சேர்த்துக் கொடுப்போம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: "உங்களுக்கு அலிப் சொல்லித் தந்தது யார்? எந்த வீட்டில்?" அந்தப் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஊரின் முதல் ஆசிரியைகளின் பதிவேடு இப்போது அந்த வாய்களில் மட்டும்தான் இருக்கிறது.

அல்லாஹ் அவர்களுடைய கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.